கரணை பிடித்த கையும் துடுப்புப் பிடித்த கையும்

உழைப்பு உயர்வு தரும் என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் உழைப்பவரைப் போட்டிக் களத்தின் வாயிலிலேயே தடுத்து நிறுத்திய விதியொன்று இங்கிலாந்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலவியது. அதன் தன்மையை விளக்க, ஜான் பி. கெல்லி என்னும் அமெரிக்கப் படகு வீரரின் வாழ்க்கையே போதும்.

கெல்லி 1889-இல் பிலடெல்பியா நகரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். கொத்தனார் தொழில் கற்றார். செங்கல் அடுக்கிய அதே கைகளால் ஸ்கூல்கில் ஆற்றில் துடுப்பு வலித்துப் பயின்றார்.

ஒற்றையர் படகில் வீரர், செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, கைக்கொன்றாக இரு துடுப்புகளை இழுப்பார். இருக்கை முன்னும் பின்னும் நகரும். காண்போருக்குக் கைவேலையாகத் தோன்றினும், விசையின் பெரும்பகுதி கால்களிலிருந்தே பிறக்கிறது. வலிமையோடு நிதானமும் நீண்ட பயிற்சியும் வேண்டும்.

தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ஹென்லியில் 1839 முதல் புகழ்பெற்ற படகுப் போட்டி நடந்து வருகிறது. கூலிக்காக உடலுழைப்பில் ஈடுபட்டவர் எவரும் 'அமெச்சூர்' வீரர் ஆகார் என்று 1879-இல் அங்கு விதி வகுத்தனர். உழைப்பால் தசைகள் வலுப்பெறுவது நேர்மையற்ற சாதகமாம்! அப்படியானால், நாள் முழுவதும் பயிற்சி செய்ய ஓய்வும் பொருளும் பெற்றிருப்பது சாதகமில்லையா? இக்கேள்விக்கு அவ்விதியில் விடையில்லை.

1920-இல் அங்கு நடைபெறும் டைமண்ட் ஸ்கல்ஸ் போட்டிக்குக் கெல்லி அனுப்பிய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் சார்ந்த வெஸ்பர் படகுக் கழகத்தின் மீது, பணம் திரட்டியது தொடர்பாக முன்பே விதிக்கப்பட்டிருந்த தடை ஒரு காரணம். அவர் உடலுழைப்பாளி என்பது மற்றொன்று.

அவ்வாண்டு அப்பரிசை வென்றவர் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்போர்டு. சில வாரங்களில் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டியில் இருவரும் எதிரெதிரே நின்றனர். ஒரே ஒரு விநாடி வேறுபாட்டில் கெல்லி வென்றார். ஏறக்குறைய அரைமணி நேரத்தில், தம் உறவினர் பால் காஸ்டெல்லோவுடன் இரட்டையர் போட்டியிலும் தங்கம் பெற்றார். 1924-இல் பாரிசில் அவ்விருவருமே மீண்டும் வாகை சூடினர்.

போட்டிகளுக்குப் பின், தாம் நிறுவிய செங்கல் கட்டுமான நிறுவனத்தால் கெல்லி பெருஞ்செல்வரானார். 1935-இல் பிலடெல்பியா மேயர் தேர்தலில் நின்று தோற்றார். 1960-இல் மறைந்தார்.

1936-இல் ஆஸ்திரேலியக் காவலர்கள் அடங்கிய எண்மர் அணியையும் ஹென்லி ஏற்க மறுத்தது. கண்டனம் வலுக்கவே, 1937-இல் உடலுழைப்பாளரை விலக்கிய விதி நீக்கப்பட்டது. பின்னர் 1947, 1949 ஆண்டுகளில் டைமண்ட் ஸ்கல்ஸ் போட்டியில் வென்றவர் கெல்லியின் மகனே.

தந்தைக்கு மறுத்ததை மகன் பெற்றார் என்று பலரும் இதை மகிழ்ந்து கூறுவர். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: மகன் செல்வரின் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பழைய விதி இருந்திருப்பினும் அவருக்கு வழி திறந்திருக்கக்கூடும். 1937-ஆம் ஆண்டின் மாற்றத்தால் உண்மையில் பயன் பெற்றவர்கள், கெல்லியைப் போல் கரணை பிடித்துப் பிழைத்த பெயர் தெரியாத இளைஞர்களே.

மாணவத் தோழர்களே, திறமையை அளக்க வருகிறவர் கையிலுள்ள காய்ப்பைப் பார்த்துக் கதவடைத்தால், அங்கே அளக்கப்படுவது திறமையன்று, பிறப்பும் பொருளுமே. கதவு திறந்திருக்கும்போதுதான் வெற்றி என்ற சொல்லுக்கே பொருளுண்டு.