மலையே இல்லாத ஊரில் மலையேற்றப் பயிற்சி

தை மாதம் பிறந்ததும் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "வெள்ளியங்கிரிக்குப் போகலாம் என்றிருக்கிறோம். இவரால் ஏற முடியுமா?" பெரும்பாலும் இதைக் கேட்பவர் நோயாளி அல்லர், உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோதான் கேட்பார். நோயாளி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார். பயணத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால், "வரும் அமாவாசைக்கு" என்பார்கள். அதற்குள் செய்யக்கூடியது மிகவும் குறைவு. இக்கேள்வியைக் கார்த்திகையிலேயே கேட்டிருக்கலாமே என்ற எண்ணத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு ஏற்ற இறக்கம் என்பது ஆற்றங்கரை மேடும் ரயில்வே மேம்பாலமும்தான். நாம் அண்ணாந்து பார்க்கும் உயரம் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம். அது 216 அடி என்பர். வெள்ளியங்கிரியின் ஏழாம் மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி. பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சிக்கு உள்ள தூரம் சுமார் 6 கிலோமீட்டர்தான் என்பதால் பலரும் ஏமாந்து விடுகின்றனர். அந்த 6 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். ஒரு மாடியின் உயரம் 3 மீட்டர் என்று கொண்டால் அது 330 மாடிகளுக்கும் அதிகம். முதுகில் பை, கையில் மூங்கில் தடி, கண்ணில் தூக்கம், காலடியில் ஒழுங்கற்ற கற்படிகள். ஏறிய அத்தனை உயரத்தையும் பெரும்பாலோர் அன்றே இறங்கியும் விடுகின்றனர்.

இறங்குவதைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் சமவெளி மனிதரை மலை வீழ்த்துவது பெரும்பாலும் அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்த ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நாள்தோறும் விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். இருபது வயது இளைஞர்களோடு சென்று, அவர்களுக்கு முன்பாகவே உச்சியை அடைந்தார். இறங்கும்போது பாதி வழியில் தொடைகள் நடுங்கத் தொடங்கின. உடன் வந்தவர் கொடுத்த வலி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு, குடிக்கத் தண்ணீரும் போதாமல், வெயில் ஏறிய பின் அடிவாரத்தை அடைந்தார். ஊர் திரும்பிய மறுநாள் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அதற்கும் மறுநாள் சிறுநீர் கருங்காப்பியின் நிறத்தில் இறங்கியபோதுதான் வீட்டார் அஞ்சி இங்கு அழைத்து வந்தனர். தொடைத் தசையின் இழைகள் சிதைந்து, அவற்றிலிருந்த மையோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களைத் தாக்கத் தொடங்கியிருந்தது. நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றி, சில நாள் வார்டில் வைத்திருந்து, சிறுநீரகங்கள் தேறிய பின் அனுப்பினோம். டயாலிசிஸ் வரை செல்லாமல் தப்பினார். அவருடைய நடைப்பயிற்சியில் குறை ஒன்றும் இல்லை. அதில் இறக்கம் இல்லை, அவ்வளவே.

காரணத்தை நீங்கள் இருந்த இடத்திலேயே அறியலாம். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, பின்பு மிக மெதுவாக, ஐந்து எண்ணும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு அமருங்கள். எழும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்குகிறது. அமரும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. மலையில் இறங்கும் ஒவ்வோர் அடியும் இத்தகைய நீளும் உழைப்பு. மூச்சு வாங்காததால் எளிதாகத் தோன்றும். ஆனால் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்குவதில் ஏறுவதைவிட இறங்குவதே வலியது. வலி உடனே தெரிவதில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்தை அடையும். இதில் நமக்குச் சாதகமான ஓர் இயல்பும் உண்டு. மிதமான அளவில் ஒருமுறை இவ்வாறு உழைத்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பை மிகக் குறைந்த சேதத்துடன் தாங்கும். ஆகவே, வலியை மலையில் மொத்தமாக வாங்குவதற்குப் பதிலாக வீட்டில் சிறுகச் சிறுக வாங்கிவிடலாம். எங்கள் பயிற்சி முறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

உடற்பயிற்சிக் கூடத்தில் டிரெட்மில்லைச் சாய்த்து வைத்து நடப்பவர்கள் இங்குக் கவனிக்க வேண்டும். அது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் வழக்கமான டிரெட்மில்லில் ஏறிக்கொண்டே இருக்கலாம்; இறங்க வழியில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குவோரும் (எங்கள் மருத்துவமனை ஊழியர்களிலேயே பலர்) பயிற்சியின் பாதியைத்தான் செய்கின்றனர்.

படிக்கட்டு எங்கும் உண்டு. குடந்தைப் பகுதியினருக்குச் சுவாமிமலை இருக்கிறது. சமவெளியின் நடுவே எழுப்பிய கட்டுமலை அது. சந்நிதிக்குச் செல்லும் அறுபது படிகளும் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிப்பன. கூட்டமில்லாத வேளையில், வழிபடுவோருக்கு இடையூறின்றி ஐந்தாறு முறை ஏறி இறங்கினால் தொடக்க வாரங்களுக்குப் போதும். திருச்சி மலைக்கோட்டை 80 மீட்டருக்குச் சற்று கூடுதலான உயரம். ஏறக்குறைய 27 மாடிகளுக்கு ஈடு. பயணத்துக்கு முந்தைய மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கு இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்ப்பது, நாங்கள் அறிந்தவரை, டெல்டாவாசிக்குக் கிடைக்கும் சிறந்த ஒத்திகை.

பன்னிரண்டு வாரங்கள் ஒதுக்குங்கள். முதல் நான்கு வாரங்களில், வாரம் ஐந்து நாள் 40 நிமிட நடை. அவற்றுள் இரண்டு நாள் மட்டும் மொத்தம் பத்து மாடி ஏறி இறங்குதல். இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று எண்ணி, கைப்பிடிச் சுவரின் அருகிலேயே செல்லுங்கள். ஐந்தாம் வாரம் முதல் முதுகில் இரண்டு கிலோ எடையுள்ள பை. மாடிகள் இருபது, முப்பது எனக் கூடட்டும். ஒன்பதாம் வாரத்திலிருந்து மலைக்கு எடுத்துச் செல்லவிருக்கும் பையை அதே எடையுடன் சுமந்து, ஐம்பது மாடிகள் வரை. கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரத்தில் உழைத்து வலிமை சேர்க்க இயலாது. களைப்பை மட்டுமே சேர்க்கலாம்.

எடைக்கு அரிசிப் பொட்டலம் போதும். தண்ணீர்ப் புட்டிகள் அதைவிட வசதி. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் தண்ணீரைச் சுமந்து ஏறி, மொட்டை மாடித் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, இலேசான பையுடன் இறங்கலாம். அவர்கள் கைத்தடியுடன் இறங்கவும் பழக வேண்டும்: வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் தடி, கீழ்ப்படியில் முதலில் தடி, பிறகு கால். அடிவாரத்தில் மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு அங்கேயே முதன்முறையாகப் பழகுவது காலந்தாழ்ந்த செயல்.

இனி, இந்த இதழைப் படிப்போரில் பலருக்கும் உரிய பகுதிக்கு வருகிறோம். சும்மா அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒரு மடங்கு என்று கொண்டால், சமவெளியில் இயல்பாக நடக்க ஏறக்குறைய மூன்று மடங்கு தேவை. சுமையுடன் மலையேற ஏழு மடங்கும் அதற்கு மேலும் ஆகலாம். எனவே, "தினமும் நடக்கிறேன், நெஞ்சில் ஒன்றும் செய்யவில்லை" என்பது மலைக்குரிய சான்றாகாது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு கண்டவர்கள், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் ஆகியோர் பயிற்சியைத் தொடங்கும் முன்பே இதய மருத்துவரைக் கண்டு, தேவையான பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். அண்மையில் நெஞ்சுவலி வந்தவர்கள், இதயச் செயலிழப்பு, கட்டுக்குள் வராத ஆஸ்துமா, கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வெள்ளியங்கிரியில் ஏறும்போது உயிரிழந்தோர் அண்மை ஆண்டுகளிலும் உண்டு. இதய நோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் மலையேற்றத்தைத் தவிர்க்குமாறு வனத்துறையும் அறிவுறுத்துகிறது. மலை நடுவே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால், அவரைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரைகளை உண்பவர்களின் நாடித்துடிப்பு, உழைப்புக்கு ஏற்ற அளவில் உயராது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி அவர்கள் வேகத்தைக் கூட்டக் கூடாது. பேச்சே அவர்களுக்கு அளவுகோல். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்தி மருத்துவமனைக்கு வாருங்கள். "இன்னும் ஒரு மாடிதான்" என்ற எண்ணம் வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு செய்திகள். நீண்ட உழைப்பில் சர்க்கரை தாழ்வது ஏறும்போது மட்டுமன்று. அன்றிரவு உறக்கத்திலும் நேரலாம். இன்சுலின் அளவை எவ்வாறு மாற்றுவது என்பதை முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் பையின் அடியில் இராமல் சட்டைப் பையில் இருக்கட்டும். மற்றது பாதம். வெறுங்காலுடன் ஏறுவதை விரதமாகக் கொண்டவர்கள் உண்டு. அந்நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும், பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் வெறுங்காலுடன் ஏறுவதை எங்களால் ஒப்ப இயலாது. கல் கிழித்தது அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் புண்ணைக் கண்டு வருவார். அப்புண் சில வேளைகளில் விரலைக் கேட்கும். காலணி புதிதாக இருக்கக் கூடாது. பயிற்சி முழுவதையும் அதே காலணியில் செய்யுங்கள். இறக்கத்தில் விரல் நுனி முன்புறம் இடிக்கிறதா என்று பாருங்கள். நகங்களை முன்பே வெட்டிக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை குறித்து மேலே சொன்ன நிகழ்ச்சியே போதிய எச்சரிக்கை. உடலில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை உண்பவர்கள், பயிற்சிக் காலத்தில் வழக்கத்தை மீறிய தசைவலியோ தளர்ச்சியோ கண்டால் தெரிவிக்க வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. மலையிலிருந்து திரும்பிய பின் சிறுநீர் கருத்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள்.

கேதார்நாத் செல்ல எண்ணுவோர்க்கு மட்டும் ஒரு சொல். அக்கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. வெள்ளியங்கிரியில் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. படிக்கட்டுப் பயிற்சி காலை வலுப்படுத்தும். உயர்மலை நோயிலிருந்து காக்காது. வலிமை மிக்க இளைஞரையும் அது தாக்கும். இடைப்பட்ட உயரங்களில் இரவு தங்கி, உடலைப் பழக்கிச் செல்வதே காப்பு. தலைவலியுடன் வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது. அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நடை தள்ளாடினாலோ நள்ளிரவானாலும் கீழே இறங்கிவிட வேண்டும்.

பயிற்சியைத் தொடங்க விரும்புவோர், பயண நாளுக்கு மூன்று மாதம் முன்னதாக எங்கள் பிரிவுக்கு வாருங்கள். உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும், போட்டுக்கொண்டு ஏறவிருக்கும் காலணியையும், அரிசியோ தண்ணீரோ நிரப்பிய பையையும் கொண்டு வந்தால், இங்குள்ள படிக்கட்டிலேயே முதல் நாள் ஏறி இறங்கிப் பார்த்துவிடலாம். உங்களுடன் மலைக்கு வரவிருப்பவரையும் அழைத்து வாருங்கள். எந்த அறிகுறியைக் கண்டால் உங்களைத் திருப்பி அழைத்து வர வேண்டும் என்பதை அவரிடமும் சொல்லியாக வேண்டும்.