டேட்டா சஃபிஷியன்ஸி: விடை வேண்டாம், முடிவு போதும்

ஜிமேட் தேர்வில் டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு 20 கேள்வி, 45 நிமிடம். அதில் வரும் டேட்டா சஃபிஷியன்ஸி கணக்குகளுக்கு விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொடுத்த இரண்டு கூற்றுகளில் உள்ள தகவல் போதுமா என்று மட்டும் சொன்னால் போதும். பழக்கதோஷத்தில் கடைசி வரி வரை கணக்குப் போட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள்.

முதல் கூற்றைப் பார்த்து முடித்ததும் அதை அறவே மறந்துவிட்டு இரண்டாவதைப் படியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஓர் எண் எது என்பது கேள்வி என்று வையுங்கள். அதன் வர்க்கம் 9 என்கிறது முதல் கூற்று. 3, -3 இரண்டும் பொருந்துவதால் போதாது. எண் 5-ஐவிடச் சிறியது என்கிறது இரண்டாவது. அதுவும் போதாது. சேர்த்தாலும் இரண்டு எண்களும் அப்படியே நிற்கின்றன; விடை 'இ', அதாவது சேர்த்தாலும் போதாது. இரண்டாவது கூற்று 'மிகை எண்' என்றிருந்தால் 'சி', அதாவது இரண்டையும் சேர்த்தால் போதும்.

0, 1, பின்னம், குறை எண் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கேள்வி சொல்லாதவரை முழு எண் என்று நீங்களாக வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆமா, இல்லையா என்று கேட்டால், உறுதியான 'இல்லை' வந்தாலும் தகவல் போதுமானதே. இரண்டு கூற்றுகளும் முரண்படவே செய்யாது. முரண்பட்டால் பிழை உங்கள் கணக்கில்தான். ஐந்து விடைகளின் வரிசை எப்போதும் மாறாது, மனப்பாடம் செய்துவிடுங்கள்.