தெர்மோ எலக்ட்ரிக் தொழில்நுட்பம்: கரண்ட் கொடுத்தால் குளிர்ச்சி, சூடு கொடுத்தால் கரண்ட்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் மூன்று நாட்கள் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரி ஆகிவிட்டது. அதற்குள் அம்மாவின் இரண்டு மாத இன்சுலின் இருந்தது. அடுத்த முறை இப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் தெர்மோ எலக்ட்ரிக் தொழில்நுட்பத்தைக் கையில் எடுத்தேன். அதில் நான் கற்றதை இங்கே பார்ப்போம்.

தெர்மோ எலக்ட்ரிக் என்றால் என்ன?

இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து, ஒரு இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் கரண்ட் பாயும். 1821-ல் சீபெக் கண்டறிந்த இதற்கு சீபெக் விளைவு என்று பெயர். 1834-ல் பெல்டியர் இதன் மறுபக்கத்தைக் கண்டார். கரண்டைச் செலுத்தினால் ஒரு இணைப்பு குளிரும், மற்றது சூடாகும். கரண்டின் திசையை மாற்றினால் சூடும் குளிரும் இடம் மாறிவிடும்.

இன்று உலோகக் கம்பிக்குப் பதிலாக பிஸ்மத் டெல்லுரைடு என்னும் செமி கண்டக்டரைப் பயன்படுத்துகிறார்கள். கடைகளில் கிடைக்கும் டி.இ.சி.1-12706 என்ற வில்லையில் 127 ஜோடித் துண்டுகள் உள்ளன. பெயரில் உள்ள 127 அதைத்தான் குறிக்கிறது. கடைசியில் உள்ள 06, அதிகபட்ச கரண்ட் சுமார் 6 ஆம்பியர் என்பதைக் காட்டுகிறது.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

எங்கள் பக்கத்து அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், இரும்பைப் பதப்படுத்தும் உலைகளின் சூட்டை அளப்பது தெர்மோகப்பிள். அது சீபெக் விளைவுதான். ‘கே’ வகைத் தெர்மோகப்பிள் 900 டிகிரி செல்சியஸில் சுமார் 37 மில்லிவோல்ட் தரும்.

1977-ல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள், புளூட்டோனியம்-238 வெளியிடும் சூட்டிலிருந்து இதே முறையில் மின்சாரம் எடுத்தன. ஏவியபோது ஒவ்வொன்றிலும் சுமார் 470 வாட் கிடைத்தது. நம் நாட்டில் கோத்ரெஜ் நிறுவனம் கொண்டுவந்த ‘சோட்டுகூல்’ பெட்டி, கம்ப்ரஸர் இல்லாமல் 12 வோல்ட்டில் பெல்டியர் முறையில் குளிர்ந்தது.

என் பெட்டியின் கதை

ரிச்சி தெருவில் ஒரு வில்லை, ஹீட் ஸிங்க், ஃபேன், 12 வோல்ட் 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி வாங்கினேன். ஐந்து லிட்டர் தெர்மோகோல் பெட்டியில் பொருத்தி, ஆர்டுயினோவில் டெம்பரேச்சர் சென்சாரை இணைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்ய ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அடுத்த மே மாத வெயிலில் சோதனை. இன்சுலினுக்குப் பதில் உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில்.

34 டிகிரியிலிருந்து 40 நிமிடத்தில் 13-க்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் 70-வது நிமிடத்தில் பேட்டரி தீர்ந்தது. அடுத்த அரை மணியில் 26 டிகிரி!

ஏன் இப்படி?

கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 60 வாட். பேட்டரியில் இருப்பது 84 வாட் ஹவர். ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. அடுத்து, உள்ளிருந்து 15 வாட் சூட்டை எடுத்தால், அதோடு இந்த 60 வாட்டும் சேர்ந்து 75 வாட் வெளிப்பக்கம் வரும். சிறிய ஹீட் ஸிங்க் இதற்குப் போதாது. மூன்றாவது, கரண்ட் நின்றதும் சூடான ஹீட் ஸிங்கின் வெப்பம் வில்லை வழியாகவே உள்ளே திரும்பிவிடும். குறைந்த வோல்ட்டேஜில் ஓட்டினால் திறன் கூடும். ஆனால் குளிர்ச்சி குறையும்.

கம்ப்யூட்டருக்கு உதவுமா?

“ப்ராசஸர் மேல் வைத்தால் நன்றாகக் குளிருமே?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். 24 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோர்க்கும். மதர்போர்டில் அது சொட்டினால் ஷார்ட் சர்க்யூட்தான். ப்ராசஸர் சூட்டில் கரண்ட் எடுக்கலாமா? 60 வாட் சூட்டிலிருந்து கிடைப்பது ஒரு வாட் அளவில்தான். அதோடு, சூடு வெளியேறும் பாதையும் அடைபடும்.

பிறகு என்ன செய்தோம்?

என் கிராஃபை அம்மாவிடம் காட்டினேன். “இதுக்கா ஒரு மாசம் ஒக்காந்திருந்தே? தெர்மாஸ்ல ஐஸ் வெச்சா போதும்டா” என்றார். உண்மைதான். இப்போது ஃப்ரீஸரில் எப்போதும் இரண்டு ஐஸ் பேக் இருக்கிறது. கரண்ட் போனால் அவற்றைத் துணியில் சுற்றி, மருந்தைத் தொடாமல் ஐஸ் பெட்டியில் வைக்கிறோம். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனால் பயன்படுத்தவே கூடாது. பயன்பாட்டில் உள்ளது பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் அட்டையைப் படித்து, டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெல்டியர் பயனற்றது அல்ல. இடம் சிறிது, சத்தம் கூடாது, கரண்ட் தொடர்ந்து இருக்கும் என்றால் அது நல்ல தேர்வு. என் வில்லையை நான் எறியவில்லை. ஒரு பக்கம் வெந்நீர், மறுபக்கம் ஐஸ் வைத்து மல்டிமீட்டரை இணைத்தால் ஓரிரு வோல்ட் காட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களோடு செய்து பாருங்கள். அவர்களுக்கு சீபெக் ஒருபோதும் மறக்காது!