பண்டகசாலையும் தானியங்கி நீர்த்தெளிப்பானும்

வண்டியூர்த் தெப்பக்குளம் நிறைய நீர் இருந்தாலும், பூட்டிய பண்டகசாலையில் நள்ளிரவில் பற்றிய தீயை அந்நீர் அணைக்காது. தீ எழுந்த இடத்திற்கே, அது வளருமுன் நீர் வந்து சேரவேண்டும். அதற்கென அமைந்ததே தானியங்கி நீர்த்தெளிப்பான்; ஸ்பிரிங்ளர் என்றும் வழங்குவர்.

1874ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்துப் பியானோ தொழிற்சாலையொன்றில் ஹென்றி பார்மலி என்பார் இதனை அமைத்தார். பின்னர் நியூ இங்கிலாந்துப் பகுதியின் துணியாலைகளில் இது பரவிற்று. கூரையடியில் செல்லும் குழாய்களில் நீர் அழுத்தத்தோடு நிற்கும். அவற்றின் வாய் ஒவ்வொன்றையும் திரவம் அடைத்த சிறு கண்ணாடிக் குமிழ் தடுத்திருக்கும். சூடு பொதுவாக 68 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் குமிழ் உடைந்து, அந்த வாய் மட்டும் திறக்கும். ஆகவே எல்லா வாய்களும் ஒருங்கே திறந்து சரக்கு முழுவதும் நனைந்துவிடும் என்ற அச்சம் வேண்டுவதில்லை.

இஃது எங்கெங்கே கட்டாயம்? இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கட்டடத்தின் உயரம், பரப்பு, பயன் ஆகியவற்றைக் கொண்டு இதனை வரையறுக்கிறது. உயர்ந்த மாடிகளுக்கு ஏணி எட்டாது. நிலவறையில் புகை வெளியேறாது. கிடங்கில் சரக்கே விறகாகும். 2005ஆம் ஆண்டுத் தொகுப்பு 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலவறைக்கு இதனை வேண்டிற்று. 2016இல் தொகுப்பு திருத்தப்பெற்றது. அதன் விதிகளை மாநிலங்கள் ஏற்கும்போதே அவை சட்டமாகின்றன. ஆதலின் கட்டடம் எழுப்புமுன் தீயணைப்புத் துறையைக் கேட்டறிதல் நலம்.

சிறு கிடங்குகள் பல இவ்வரம்பிற்குள் வாரா. எனினும் நூலும் பஞ்சும் பரப்பளவு பார்த்து எரிவதில்லை. 2020ஆம் ஆண்டுத் தீபாவளி வேளையில் மதுரைத் தெற்கு மாசி வீதிப் பகுதியில் ஜவுளிக்கடையொன்று தீப்பற்றிற்று. அணைக்கச் சென்ற வீரர் இருவர், பழைய கட்டடம் இடிந்து விழ உயிர் நீத்தனர். வளர்ந்துவிட்ட தீயை அணைக்கப் புகுவோர் தம் உயிரையே பணயம் வைக்கின்றனர் என்பதை இது காட்டுகிறது.

தெளிப்பான் உள்ள இடத்தில் அதன் வாய்க்குக் கீழே சுமார் அரை மீட்டர் இடைவெளி விட்டே மூட்டைகளை அடுக்குக. குழாயின் வால்வை மூடி வைக்கலாகாது. தெளிப்பான் இல்லாத கிடங்கில் தீயணைப்பான்களும், நீர் வாளிகளும், மணல் வாளிகளும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். பழுதடைந்த மின்கம்பிகளை உடனே மாற்றுதல் வேண்டும். கிடங்கிலுள்ள ஒவ்வொரு கட்டு நூலும் உறுப்பினர் பலரின் உழைப்பு. அதனைக் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.