திருவிருந்தும் மணவாழ்வும்

அடையாறு கடலொடு கலக்குமிடத்தின் தென்கரையில், ஆலமரம் தழைத்து நிற்கும் பிரம்மஞான சபைத் தோட்டத்தை நம் மாணவரிற் பலர் கண்டிருப்பர். 1907 முதல் அச்சபையின் தலைமையைத் தாங்கி, 1933-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் அவ்விடத்தேயே உயிர்நீத்தவர் அன்னி பெசண்டு அம்மையார். சுயாட்சிக் கிளர்ச்சியின் தலைவியாகவும், 1917-இல் கூடிய கல்கத்தாக் காங்கிரசின் தலைவியாகவும் அவரை யாவரும் அறிவர். ஆயினும், அவர் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவரின் மனைவியாக இல்வாழ்க்கை தொடங்கியவர் என்பதைப் பலர் அறியார். அவ்வாழ்க்கை குலைந்த வரலாறு, மணவாழ்வைப்பற்றிச் சிந்திப்பார்க்கு ஆழ்ந்த பாடமாக நிற்கின்றது. அம்மையார் பிற்காலத்திற் கொண்ட கொள்கைகளை ஆராய்தல் நம் நோக்கமன்று. திருமணம், மணமுறிவு, மன்னிப்பு, ஒப்புரவு என்னும் நான்கினைக் குறித்து மறைநூல் கூறுவதை அவ்வரலாற்றின் துணைகொண்டு தெளிதலே ஈண்டுக் கருதியது.

மணவாழ்வு குலைந்த வரலாறு

அம்மையார் தம் இருபதாம் வயதில், 1867-ஆம் ஆண்டின் இறுதியில், பிராங்க் பெசண்டு என்னும் குருவை மணந்தார். 1869-இல் டிக்பி என்னும் மகனும், 1870-இல் மேபெல் என்னும் மகளும் பிறந்தனர். கணவன் மனைவியரிடையே மனவொற்றுமை அமையவில்லை. கைக்குழந்தையாகிய மேபெல் கக்குவான் நோயால் மூச்சுத் திணறித் துன்புற்றதைக் கண்ட தாயுள்ளத்தில், அன்பே உருவான கடவுள் இதனை ஏன் பொறுத்தார் என்னும் வினா எழுந்தது. ஐயம் நாளுக்குநாள் வளர்ந்தது. உள்ளத்தில் நம்பிக்கையின்றி உதட்டளவில் திருவிருந்தில் கலந்துகொள்ள அவர் மறுத்தார். 1873-இல் கணவர் வைத்த நிபந்தனை இதுவே: திருவிருந்துக்கு வருதல் வேண்டும், அன்றேல் வீட்டைவிட்டு நீங்குதல் வேண்டும். அம்மையார் நீங்கினார்.

பிரிவுப் பத்திரத்தின்படி மகன் தந்தையிடமும், மகள் தாயிடமும் இருந்தனர். 1878-இல் இங்கிலாந்து நீதிமன்றம், தாயின் நாத்திகக் கொள்கையையும், கருத்தடை பற்றிய நூலொன்றை அவர் வெளியிட்டதையும் காரணங்காட்டி, மகளையும் தந்தையிடம் ஒப்பித்தது. எனினும், வயதுவந்தபின் மக்கள் இருவரும் தாயை நாடி வந்தனர். கணவன் மனைவியரிடையே மட்டும் ஒப்புரவு ஏற்படவில்லை, மணமுறிவும் நிகழவில்லை. 1917-இல் பிராங்க் பெசண்டு இறக்குமளவும் சட்டத்தின் கண்ணில் இருவரும் தம்பதிகளே.

இவற்றிற் பெரும்பகுதியை 1893-இல் வெளிவந்த அம்மையாரின் சுயசரிதையால் அறிகின்றோம். கணவர் தரப்பை நாம் அங்ஙனம் விரிவாகக் கேட்டிலேம். ஆதலின் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தல் முறையன்று. ஆனால், கிறிஸ்துவின் பந்தி ஒரு குடும்பத்தைப் பிரிக்கும் கருவியாயிற்று என்பது எண்ணத்தக்கது.

மறைநூலும் தள்ளுதற்சீட்டும்

மோசேயின் சட்டம், உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில், மனைவியைத் தள்ளுகிறவன் தள்ளுதற்சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டுமென விதித்தது. அது தள்ளுதலைப் புகழ்ந்துரைத்த விதியன்று. வாய்மொழியால் விரட்டப்பட்ட பெண் மறுமணத்துக்கும் வழியின்றித் தவியாதபடி அவளுக்குக் கையிற் கிடைத்த சான்று அது. பிற்காலத்து யூத ஆசிரியர் அவ்விதியின் சொற்களைப்பற்றி வாதிட்டனர். ஷம்மாயின் பள்ளியார் ஒழுக்கக்கேடு ஒன்றே தக்க காரணமென்றனர். ஹில்லேலின் பள்ளியார் உணவைக் கெடுத்தாலும் போதுமென்றனர்.

மத்தேயு 19-ஆம் அதிகாரத்தில் பரிசேயர் இயேசுவிடம் கொண்டுவந்தது இவ்வாதத்தையே. அவரோ இரு பள்ளிகளையும் கடந்து படைப்பின் தொடக்கத்துக்குச் சென்றார். இருவர் ஒருவராயினர், கடவுள் இணைத்ததைப் பிரிக்க மனிதனுக்கு உரிமையில்லை, மோசே இடங்கொடுத்தது மக்களின் இருதயக் கடினத்தை முன்னிட்டே என்றார். இக்கட்டளை முதன்முதல் யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பதை மறத்தலாகாது. தள்ளும் அதிகாரம் ஆடவர் கையில் இருந்த காலத்தில், அவ்வாடவரை நோக்கியே அவர் பேசினார். எளிதில் தெருவில் விடப்பட்டவளுக்குக் காவலாக எழுந்த சொல்லை, அடிபட்டவளை அடித்தவனோடு கட்டிவைக்கும் சங்கிலியாக்குதல் அச்சொல்லின் உயிரைக் கொல்வதாகும்.

மத்தேயு நற்செய்தி மட்டும் ஒழுக்கக்கேட்டை விலக்காகக் கூறுகின்றது. மாற்கும் லூக்காவும் அவ்விலக்கைக் கூறவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 7-ஆம் அதிகாரத்தில், பிரிந்த மனைவி தனித்திருக்கவேண்டும், அல்லது கணவனோடு ஒப்புரவாகவேண்டும் என்கிறார். நம்பிக்கையற்ற துணை பிரிந்துபோனால், மற்றவர் அடிமைப்பட்டவரல்லர் என்றும், கடவுள் நம்மைச் சமாதானத்துக்கே அழைத்தார் என்றும் அவரே மொழிகின்றார். இவ்வேறுபாடுகளினின்றே சபைகளின் வேறுபாடுகள் எழுந்தன. உரோமன் கத்தோலிக்கத் திருச்சபை மணக்கட்டை அவிழ்க்கவியலாத அருட்சாதனமாகக் கொண்டு, தொடக்கத்திலேயே மணம் செல்லாதாயிற்று என்று தீர்ப்பதற்கே இடந்தருகின்றது. சீர்திருத்தச் சபைகளிற் பல, ஒழுக்கக்கேடும் கைவிடுதலும் மணக்கட்டை முறிக்கும் என்று கொண்டன.

நாட்டின் சட்டம்

அம்மையார் மணந்த காலத்து இங்கிலாந்தில் 1857-ஆம் ஆண்டுச் சட்டம் நடைபெற்றது. அதன்படி, கணவன் மனைவியின் விபசாரத்தை மெய்ப்பித்தாற் போதும்; மனைவியோ, கணவனின் விபசாரத்தோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றத்தையும் மெய்ப்பித்தல் வேண்டும். கொடுமை ஒன்றே மணமுறிவுக்குப் போதியதன்று. இத்தராசே 1869-ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டத்தின் வாயிலாக நம் நாட்டுக் கிறிஸ்தவருக்கும் வந்தது. இங்கிலாந்து 1923-இல் இவ்வேற்றுமையை நீக்கிற்று. நம் நாட்டிலோ 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அது நீங்கிற்று. இடையே 78 ஆண்டுகள் கழிந்தன. அத்திருத்தம் கொடுமையையும் கைவிடுதலையும் தனித்தனிக் காரணங்களாக இருபாலார்க்கும் ஒப்ப வைத்தது; இருவரும் இசைந்து பிரிவதற்கும் வழிசெய்தது.

ஆடவனுக்கு ஓர் அளவையும் பெண்ணுக்கு ஓர் அளவையும் வைத்த அச்சட்டத்துக்கு இயேசுவின் மொழியில் ஆதரவில்லை. மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் அவர் கணவனையும் மனைவியையும் ஒரே தராசில் நிறுத்துகிறார். ஆதலின் 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் நெறியின் வீழ்ச்சியன்று. நெடுநாள் தாழ்த்திச் செலுத்திய கடனாகும்.

மன்னிப்பு வேறு, மீள்குடி வேறு

மன்னித்தல் மறுக்கவொண்ணாக் கடமையன்றோ என்று சிலர் வினவலாம். ஆம். மத்தேயு 18-இல், பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பெற்றவன், நூறு வெள்ளிக்காசுக்காக உடன் ஊழியனின் கழுத்தை நெரித்த உவமை அதனையே உணர்த்தும். ஆயின் அவ்வதிகாரத்திலேயே, அவ்வுவமைக்கு முன்னர், வேறொரு போதனையும் உளது. குற்றஞ்செய்தவனிடம் தனித்துச் சென்று குற்றத்தை உணர்த்துக. கேளானாயின் சாட்சிகளோடு செல்க. அதற்கும் கேளானாயின் சபைக்கு அறிவிக்க என்பதே அது. துன்புற்றவரை வாய்மூடியிருக்குமாறு கட்டளையிடாமல், அவருக்குத் துணைநிற்கும் பொறுப்பைச் சபையின் தோளில் ஏற்றுகின்றது இவ்வொழுங்கு. மன்னிப்பு ஒருவர் உள்ளத்தில் நிகழ்வது. ஒப்புரவுக்கோ இருவர் வேண்டும். அவருள் குற்றஞ்செய்தவர் மனந்திரும்பியிருத்தலும் வேண்டும்.

இதற்கு யாக்கோபு ஏசா வரலாறு சிறந்த எடுத்துக்காட்டு. நெடுங்காலம் பிரிந்திருந்த உடன்பிறந்தார் கட்டித்தழுவி அழுதனர். பின்னர் ஏசா சேயீருக்கும் யாக்கோபு சுக்கோத்துக்கும் சென்றனர். பகை ஒழிந்தது, கூடாரங்கள் வேறாகவே இருந்தன. இதனை ஒப்புரவன்றென்று கூறுவார் யாவர்? ஓசியா தீர்க்கரோ, பிறரை நாடிப்போன மனைவியை வெள்ளியும் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டார். அங்கே ஊறுபட்டவர் தாமே எழுந்து சென்றார். பிறர் அவரைத் தள்ளிச் சென்றாரல்லர். அன்பு தானே செய்யும் தியாகம் வேறு. அயலார் அதனை அடிபட்டவரிடம் வரியாக வசூலித்தல் வேறு. கண்ணீரோடு வரும் பெண்ணைப் பொறுத்துப்போகுமாறு கூறித் திருப்பியனுப்புவோர், அவள் கணவனிடம் சென்று குற்றத்தை உணர்த்தினாரா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்க.

இரண்டாம் திருவிருந்து

அம்மையார் வீட்டைவிட்டு நீங்கிய மறு ஆண்டு, 1874-இல், அவருடைய தாயார் மரணப் படுக்கையில் இருந்தார். திருவிருந்து பெற அவர் விரும்பினார். ஆனால் மகளும் உடன்பெற்றாலன்றித் தாம் பெறுவதில்லை என்றார். குருமார் சிலர் மறுத்தனர். அம்மையார் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராலயத் தலைவர் ஸ்டான்லியிடம் சென்று, தம் நம்பிக்கையின்மையை ஒளியாமல் உரைத்தார். அம்முதியவர் மறுத்திலர். மெய்க்கடவுளைத் தேடும் உள்ளங்களை ஒன்றினின்று ஒன்று பிரிப்பதற்காக அப்பந்தி ஏற்படவில்லை என்ற கருத்தைக் கூறி, நோயாளியின் இல்லத்துக்கு வந்து இருவர்க்கும் வழங்கினார்.

ஓராண்டு இடையிட்ட இரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர நோக்குக. அப்பம் ஒன்றே, இரசம் ஒன்றே. ஒரு வீட்டில் அது பணியாதவரை வெளியேற்றும் ஆணையாயிற்று. மற்றொரு வீட்டில் தாயையும் மகளையும் சேர்க்கும் உறவாயிற்று. பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்பவன், சகோதரனுக்குத் தன்மேற் குறையுண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை விட்டு முன்னர் ஒப்புரவாகக் கடவன் என்பது இயேசுவின் கட்டளை. ஒப்புரவு முன்னது, வழிபாடு பின்னது.

ஒப்புரவு என்பது தமிழுக்குப் புதிய சொல்லன்று. வள்ளுவர் இருபத்திரண்டாம் அதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்றே பெயரிட்டு, கைம்மாறு கருதாத உதவியை ஆண்டு விளக்கினார். நம் வேதமொழிபெயர்ப்பாளர் பகைதீர்ந்து சேர்தலுக்கும் அச்சொல்லையே வைத்தனர். பிறர் நோவைத் தம் நோவாக அறிந்து உதவாதவர் பகைதீர்க்கவும் அறியார். நாளை குருமாராகவும், ஆசிரியராகவும், வழக்கறிஞராகவும் செல்லவிருக்கும் மாணவ நண்பர்களே, உடைந்த குடும்பம் ஒன்று உங்களிடம் வரும்போது, இணைக்க முயல்க. மெய்யை மறைத்து இணைக்க முயலற்க. பிரிதலே நேருமாயினும், அவ்விருவரில் எவரும் பந்திக்குப் புறம்பே நின்று அழாதபடி பார்த்துக்கொள்க.