மூன்று பாட்டு போதும்

அன்புள்ள கவின்,

குழுவிடம் ஆறு பாட்டு தேறியிருக்கிறது, பணமோ ஒரு நாள் ஸ்டூடியோ வாடகைக்குத்தான் காணும் என்று எழுதியிருந்தாய். 1978இல் இங்கிலாந்தில் இரண்டு ராக் குழுக்களுக்கும் இதே நிலைதான்.

முதலாவது, ஷெஃபீல்டின் டெஃப் லெப்பார்ட். எல்லாரும் இருபதை எட்டாத பையன்கள். பாடகர் ஜோ எலியட்டின் அப்பா 150 பவுண்ட் கடன் கொடுக்க, நவம்பரில் ஹல் நகரத்து ஃபேர்வியூ ஸ்டூடியோவுக்குப் போனார்கள். டிரம்ஸ்காரர் அப்போதுதான் விலகியிருந்தார். ஃபிராங்க் நூன் என்பவர் வந்து வாசித்துக் கொடுத்தார். பதிவானவை மூன்றே பாட்டு. இரண்டு ஒரு பக்கம். ஏழரை நிமிடத்தைத் தாண்டும் 'தி ஓவர்ச்சர்' மறுபக்கம் முழுவதும்.

சிங்கிளைவிடப் பெரிது, ஆல்பத்தைவிடச் சிறிது. இப்படிப்பட்ட தட்டைத்தான் இ.பி. என்பார்கள்.

1979 ஜனவரியில் 'பிளட்ஜன் ரிஃபோலா' என்று தாங்களே ஒரு லேபிள் பெயர் சூட்டி, முதலில் ஆயிரம் தட்டு அடித்து, கச்சேரிகளில் விற்றார்கள். பாட்டைக் கேட்ட சூடு ஆறுவதற்குள் வாங்குகிறவனுக்கு விளம்பரம் தேவைப்படாது. காசும் அன்றிரவே கைக்கு வந்துவிடும். ஆனால் அந்தத் தட்டு செய்த பெரிய வேலை வேறு. பிபிசி ரேடியோ 1இல் ஜான் பீல் அதை ஒலிபரப்பினார். அந்த ஆண்டுக்குள் பெரிய நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தமும் ஆயிற்று.

இரண்டாவது குழு லண்டனின் அயர்ன் மெய்டன். 1978 டிசம்பர் கடைசியில், ஊரே புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருக்க, கேம்பிரிட்ஜின் ஸ்பேஸ்வார்டு ஸ்டூடியோவில் நான்கு பாட்டைப் பதிந்தார்கள். செலவு ஏறக்குறைய 200 பவுண்ட். மாஸ்டர் டேப்பை, அதாவது அசல் பதிவு நாடாவை, வாங்க மட்டும் பணம் இல்லை. சில வாரம் கழித்துப் போனபோது டேப் அழிக்கப்பட்டிருந்தது! மிஞ்சியது கையிலிருந்த பிரதி ஒன்றுதான்.

1979 நவம்பரில் 'தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்' வெளிவந்தபோது அதில் மூன்று பாட்டுதான் இருந்தது. 'ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்' பதிவின் தரம் பிடிக்காமல் அதை விட்டுவிட்டார்கள். அடித்த 5000 பிரதிகளும் தபாலிலேயே விற்றன. பெரிய கடைகள் கேட்டும் மறுபதிப்புக்கு ஒப்பவில்லை. அந்தப் பிடிவாதத்தைவிட, ஒரு பாட்டை ஒதுக்கி வைத்த துணிச்சலே பெரிது என்பேன். விட்ட பாட்டு வீணாகவில்லை. 1980இல் வந்த முதல் ஆல்பத்தில், நன்றாகப் பதிவாகி இடம்பிடித்தது. டெஃப் லெப்பார்டும் தங்கள் மூன்றில் இரண்டை அதே ஆண்டு முதல் ஆல்பத்துக்காகப் புதிதாகப் பதிந்தார்கள். மிச்சமிருந்த 'ரைட் இன்டு தி சன்' 1987இல் ஒரு சிங்கிளின் மறுபக்கமாகத் திரும்பி வந்தது.

ஆகவே ஆறையும் ஒரே நாளில் திணிக்காதே. மேடையில் நன்றாக எடுபட்ட மூன்றை எடுத்துக்கொள். ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புமுன், கிதார், டிரம்ஸ், குரல் எல்லாவற்றின் தனித்தனி டிராக்குகளையும் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்து. அதற்கான பணத்தை வாடகையோடு சேர்த்து முதலிலேயே ஒதுக்கிவிடு.

அன்புடன்,
உன் சித்தப்பா