துன்பம் நுழைந்த வீட்டில் வினையும் அருளும்

அகத்தியமலைச் சாரலில் தோன்றும் நெய்யாறு, கள்ளிக்காட்டில் அணைநீராகத் தேங்கி நின்று, பின் அருவிப்புறத்துப் பாறைகளைத் தழுவி ஓடி, நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவாற்றில் கடலோடு கலக்கிறது. இந்த ஆற்றங்கரை ஊர்களிலும், தெற்கே பாறசாலை வரையிலான எல்லைக் கிராமங்களிலும் கோயில் மணியோசையும் தேவாலய மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வருகின்றன. 1956-ஆம் ஆண்டு மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எனினும் தமிழும் மலையாளமும், விபூதியும் சிலுவையும் இன்றும் அங்கே அண்டை வீடுகளாகவே வாழ்கின்றன.

அத்தகைய ஊரில் ஒரு வீட்டில் இளம்பிள்ளை இறந்துவிட்டால், எந்த மதத்தைச் சேர்ந்த தாயாயினும் முதலில் எழும் கதறல் ஒன்றே: "நான் என்ன பாவம் செய்தேன்?" ஆறுதல் கூற வருவோரின் பதில்கள்தாம் வேறுபடுகின்றன. ஒருவர், "முற்பிறவி வினை, அனுபவித்தே தீர வேண்டும்" என்கிறார். மற்றொருவர், "கர்த்தருடைய சித்தம், கிருபைக்காகக் காத்திரு" என்கிறார். இவ்விரு சொற்களும் இருபெரும் தத்துவ மரபுகளின் சாரம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவை அந்தத் தாயின் காதில் மருந்தாக விழுகின்றனவா, நஞ்சாக விழுகின்றனவா? இதுவே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

நட்டாலத்து நீலகண்டன்

இக்கேள்வி நூல்களில் மட்டும் எழுந்ததன்று; இந்த மண்ணில் வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்விலேயே எழுந்தது. மார்த்தாண்டத்திற்கு அருகிலுள்ள நட்டாலம், மகா சிவராத்திரியின்போது பக்தர்கள் ஓடி வலம்வரும் பன்னிரு சிவாலயங்களுள் நிறைவுத் தலம். அவ்வூரில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சிக் காலத்தில் பத்மநாபபுரத்தில் அரண்மனைப் பணியில் இருந்தார்.

கால்நடைகள் மடிந்தன, பயிர் அழிந்தது, பொருள் இழப்பு அடுத்தடுத்து வந்தது. அவர் மனம் கலங்கியிருந்த வேளையில், 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படையைச் சீரமைத்த டிலனாய் என்ற படைத்தலைவர் அவருக்கு விவிலியத்து யோபுவின் கதையைக் கூறினார் என்பது கத்தோலிக்க மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்படுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டதன் காரணம் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதம் நம் நோக்கமன்று. இழப்பில் துவண்ட ஒருவருக்கு யோபுவின் கதை ஏன் ஆறுதலாயிற்று என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

யோபுவின் நண்பர்கள்

யோபு நேர்மையாளர். செல்வம், மக்கள், உடல்நலம் அனைத்தையும் இழந்து சாம்பலில் அமர்கிறார். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருக்கிறார்கள். அதன்பின் அவர்கள் வாய் திறந்ததும் துன்பம் இரட்டிப்பாகிறது. "இறைவன் நீதியுள்ளவர், நீ துன்புறுகிறாய், ஆகவே நீ பாவம் செய்திருக்க வேண்டும்" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தர்க்கத்தில் பிழை இல்லாததுபோலத் தோன்றும் இந்த வாதத்தை யோபு ஏற்கவில்லை. இறுதியில் இறைவன் சூறைக்காற்றினின்று பேசுகிறார். தம் நீதியை விளக்காமல், படைப்பின் ஆழத்தைக் காட்டி யோபுவிடம் வினாக்களைத் தொடுக்கிறார். பின்னர், தமக்காக வாதாடிய நண்பர்கள்மீதே சினம் கொள்கிறார்! துன்புற்ற யோபுவே அந்த நண்பர்களுக்காக வேண்டுதல் செய்ய வேண்டியதாகிறது.

புதிய ஏற்பாட்டிலும் இதே வினா எழுகிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று கேட்கிறார்கள். இருவருமல்லர் என்கிறார் இயேசு. அவனுக்குப் பார்வையும் அளிக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோதும், மாண்டவர்கள் மற்றவரினும் பெரும் பாவிகள் அல்லர் என்று கூறி, கேட்டவர்களைத் தம்மைத் தாமே ஆராய்ந்து மனந்திரும்பும்படி பணித்தார்.

விதைத்ததை அறுப்பான் என்னும் நியதியைக் கிறிஸ்தவமும் ஏற்கிறது. ஆயினும் துன்பத்தைக் கண்டு பாவத்தை அளவிடும் கணக்கை அது மறுக்கிறது. கிருபை என்பது தகுதிக்குக் கிடைக்கும் கூலியன்று. தகுதி தோன்றுமுன்பே இறைவன் அளிக்கும் கொடை. இறைவன் துன்பத்திற்கு வெளியே நின்று தீர்ப்பு வழங்காமல் சிலுவையில் அதைத் தானே ஏற்றார் என்பது அந்நெறியின் மையம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதனைக் 'கிறிஸ்துவின் பாடுகள்' என்கிறார்கள். 'பாடு' என்பது படுதலிலிருந்து பிறந்த சொல். துன்பத்தைப் பொருள் விளக்காமல் பட்டு உணரச் செய்யும் சொல் அது.

வினை என்னும் நியதி

இனி நம் மரபைக் காண்போம். வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுப்பர். அம்பறாத்தூணியில் உள்ள அம்பு சஞ்சிதம்; வில்லை விட்டுச் சென்ற அம்பு பிராரப்தம்; கையில் ஏந்திய அம்பு ஆகாமியம். விட்ட அம்பை மீட்க இயலாது. கையிலுள்ள அம்போ நம் உரிமைக்கு உட்பட்டது. ஆகவே கர்மக் கோட்பாடு விதிவாதம் அன்று. வள்ளுவர் ஊழின் வலிமையை ஓர் அதிகாரத்தில் பேசியவர். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், தளராத முயற்சி ஊழையும் புறங்காணச் செய்யும் என்றும் கூறியவர்.

அடுத்து, வினை தானே இயங்குவதன்று. அது சடம். பலனை அளிப்பவன் ஈசுவரனே என்று பிரம்ம சூத்திரம் நிறுவுகிறது. அப்படியாயின் ஒருவனுக்கு இன்பமும் மற்றொருவனுக்குத் துன்பமும் அளிக்கும் இறைவன் பாரபட்சமுடையவனா, இரக்கமற்றவனா? இவ்வினாவிற்கு உரை எழுதும் ஆதிசங்கரர் மழையை உவமை கூறுகிறார். மழை எல்லா விதைக்கும் பொதுவே. முளைக்கும் பயிரின் வேறுபாடு விதையைச் சார்ந்தது. இங்கு அருள் என்பது வினைக்கு எதிரியன்று. வினை பயனளிப்பதும் அருளின் ஆட்சிக்குள்தான். சைவ சித்தாந்தம் இதனினும் ஒரு படி மேற்சென்று, துன்பம் ஊட்டுவதையும் மறக்கருணை என்று அழைக்கிறது. கசப்பு மருந்து புகட்டும் தாயின் செயல் போன்றது அது.

சூலைநோயின் கொடுமையில் துடித்துத் திருவதிகையில் வீழ்ந்த திருநாவுக்கரசர், தாம் அறியாமல் செய்த பிழைகளை எண்ணி இறைவனிடம் முறையிட்டார். நோயே அவரை ஆட்கொண்ட அருளாயிற்று. இங்கு நாம் கவனிக்க வேண்டியது, வினையைப் பற்றி அவர் பேசியது தம்மைக் குறித்தே என்பது. தமக்கை திலகவதியார் வினையைக் காட்டி அவரைக் கடிந்தாரில்லை. திருநீறு அளித்து, கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

வேறுபாட்டை மறைக்க வேண்டுவதில்லை

எல்லாம் ஒன்றே என்று அவசரமாகக் கூறிவிடுவது இரு மரபுகளுக்கும் செய்யும் மரியாதையன்று. மறுபிறவியைக் கிறிஸ்தவம் ஏற்பதில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் எனப்படும் இராபர்ட் தெ நோபிலி, மறுபிறவியை மறுத்துத் தமிழில் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்றொரு நூலே இயற்றினார். "முற்பிறவியை நினைவுகூராதவனைத் தண்டித்துப் பயன் என்ன?" என்று அவர்கள் கேட்பார்கள். "ஒரே பிறவி எனில், பிறந்த குழந்தை நோயில் துடிப்பது எந்த நீதியால்?" என்று நாம் கேட்போம். இரண்டும் வலிமையான வினாக்கள்.

ஆயினும் ஆழ்ந்து நோக்கினால் இரு மரபுகளும் ஒரு வாயிலில் வந்து மௌனமாகின்றன. அவர்கள் இறுதியில் இறைவனின் ஆராய முடியாத சித்தம் என்கிறார்கள். முதல் வினை எவ்வாறு வந்தது என்று நம்மைக் கேட்டால், வினை அநாதி என்கிறோம். கர்மத்தின் போக்கு அறிதற்கரியது என்று கீதையும் உரைக்கிறது. அநாதியானதன் கணக்கை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அதை அண்டை வீட்டான் வாசித்துச் சொல்ல முற்படுவது அறியாமையன்றி வேறென்ன?

கோட்பாடு நஞ்சாகும் இடம்

பல்லக்கில் ஊர்பவனையும் அதைச் சுமப்பவனையும் ஒருசேரக் காட்டும் குறள் ஒன்று உண்டு. இவ்வேறுபாடே அறத்தின் பயனுக்குச் சான்று, வேறு விளக்கம் வேண்டா என்பது பரிமேலழகர் உரையின் கருத்து. இவர்களைக் காட்டி இதுதான் அறத்தின் பயன் என்று கூறாதே என்பது பிற்காலத்தில் பலர் கொண்ட பொருள். ஒரே குறள், இரு பாதைகள். முதற் பாதையில் கவனமின்றிச் செல்பவன், சுமப்பவனின் தோள்வலியை அவனுக்கு உரிய கூலி என்று எண்ணி வாளாவிருக்கக்கூடும்.

பிறப்பினால் இழிவுபடுத்தப்பட்டோரின் நிலைக்கு வினையே நியாயமாகக் கூறப்பட்ட காலத்தில், 1888-ஆம் ஆண்டு சிவராத்திரி நாளில், நாராயண குரு இதே நெய்யாற்றின் கல்லை எடுத்து அருவிப்புறத்தில் சிவமாகப் பிரதிஷ்டை செய்தார். சாதி வேற்றுமையும் மதப் பகையுமின்றி அனைவரும் உடன்பிறந்தோராய் வாழும் முன்மாதிரி இடம் அது என்று அங்கே பொறிக்கச் செய்தார். அத்வைதியான அவர், பிறர் துன்பத்திற்கு வினையைக் காரணம் காட்டிக் கைகட்டி நிற்கவில்லை.

கிருபைக் கோட்பாடும் தவறாகக் கையாளப்படாமல் இல்லை. கிருபையின் முன் அனைவரும் சமம் என்று போதித்த சபையிலும் சாதி நுழைந்தது. நீலகண்டன் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தினுள் மக்களைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவர் நின்றது. 1910-ஆம் ஆண்டில்தான் அது அகற்றப்பட்டது. "உனக்கு விசுவாசம் போதவில்லை, ஆகவே நோய் நீங்கவில்லை" என்று நோயாளியிடம் கூறுவோர் இன்றும் உளர். அவர்கள் யோபுவின் நண்பர்களே.

திருச்செங்கோட்டில் கிடைக்கும் விடை

நம் மரபில் இச்சிக்கலுக்குத் தெளிவான விடை ஒன்று உண்டு. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் எனப்படும் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, குளிர்சுரம் அடியார்களைப் பற்றியது. இது இன்ன வினையின் பயன் என்று கூறி அமைவது எளிது. சம்பந்தரோ, வினைக்கு வினை என்று கணக்குக் கூற அறிந்தவர்கள் அதிலிருந்து உய்யும் வழியை நாடாதிருப்பது குறையன்றோ என்று இடித்துரைத்தார். நஞ்சுண்ட கண்டத்தின்மீது ஆணையிட்டுப் பாடினார். சுரம் நீங்கியது. அப்பதிகத்தின் பெயர் திருநீலகண்டப் பதிகம்.

ஆழ்ந்து சிந்திக்கத்தக்க பெயர் இது. ஆலகாலம் எழுந்தபோது, இது யார் செய்த வினை என்று சிவபெருமான் ஆராயவில்லை, எடுத்து உண்டார். பிறர் நஞ்சைத் தன் கண்டத்தில் தாங்கும் இறைவனும், பிறர் பாடுகளைத் தன் உடலில் ஏற்கும் இறைவனும் ஒரே தத்துவம் அல்லர். ஒன்று புராணம், மற்றொன்றை அவர்கள் வரலாறு என்று கொள்கிறார்கள். எனினும் இரண்டையும் வழிபடுவோருக்குக் கிடைக்கும் கட்டளை ஒன்றே: துன்பத்தைக் கண்டால் விசாரணை நடத்தாதே, பங்கேற்றுக்கொள்.

நம் சாதனை

ஆகவே சாதகர்களுக்கு மூன்று நெறிகளைக் கூறலாம்.

முதலாவது, வினைக் கோட்பாட்டைத் தன் வாழ்வை நோக்கி மட்டுமே பயன்படுத்துக. எனக்குத் துன்பம் வரும்போது, "இது என் வினை, பிறரை வெறுக்க மாட்டேன், இனிச் செய்யும் செயலைத் தூய்மையாக்குவேன்" என்பது சாதனை. அதே சொல்லைப் பிறர்மீது எறிவது ஹிம்சை.

இரண்டாவது, பிறருக்குத் துன்பம் வரும்போது அருளின் மொழியைப் பேசுக. அதையும் சொல்லால் அன்றிச் செயலால் பேசுக. துன்புறுபவனின் பிராரப்தத்தில் துன்பம் இருக்கலாம். அந்த வேளையில் நாம் அங்கே இருப்பதும் அவனுடைய பிராரப்தம்தானே? அவனுக்கு வரவேண்டிய உதவி நம் கைகள் வழியாக வரவேண்டியதாக இருக்கக்கூடும். நாம் கையை மடக்கிக்கொண்டால், அது நம்முடைய ஆகாமியம்.

மூன்றாவது, அண்டை வீட்டாரின் மரபிலிருந்து அதன் சிறந்த பகுதியைக் கற்க. கிறிஸ்தவ அன்பர் நம்மிடமிருந்து பொறுப்புணர்வையும் நிதானத்தையும் கற்கலாம். நாம் அவர்களிடமிருந்து, அழுகின்றவனோடு அழும் பண்பைக் கற்கலாம். இதற்கு மதம் மாற வேண்டியதில்லை. மனம் விரிந்தால் போதும்.

துன்பம் நுழைந்த வீட்டிற்கு நாம் செல்லும்போது, யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நற்செயலை நினைவில் கொள்வோம். அது அந்த ஏழு நாள் மௌனம். அத்தாயின் அருகில் அமர்வோம். அடுப்பு மூட்டாத வீட்டிற்கு ஒருவேளைக் கஞ்சி கொண்டு செல்வோம். பள்ளிக்குச் செல்ல வேண்டிய மற்றக் குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வோம். "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று அவள் கேட்டால், விடை கூறும் தகுதி நமக்கில்லை. அவள் கையைப் பற்றிக்கொண்டு, "நீ தனியாக இல்லை அம்மா" என்று மட்டும் சொல்வோம்.